கைக்குழந்தைகளின் புலனுணர்வையும் இடவுணர்வையும் ஆய்வு செய்யத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைக்குழந்தைகள் எப்படிப் பார்க்கின்றன, தூரத்தையும் ஆழத்தையும் எப்போது உணர்கின்றன என்று ஆராய விரும்பும் மாணவர்கள் பலரும் முதலில் கருவிகளைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் இந்த ஆய்வைத் தாமதப்படுத்துவது கருவி இல்லை, வயது. நான்கு மாதக் குழந்தைகளுக்காகத் திட்டமிட்டு, பெற்றோரிடம் பேசி வைத்துவிட்டு, அதன்பின் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருந்தால், கடிதம் கைக்கு வரும்போது அந்தக் குழந்தைகள் தவழ்ந்துகொண்டிருக்கும். அதனால் எதை எதற்கு முன்னால் செய்வது என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த வரிசையை ஒரே இடத்தில் சொல்லித்தருபவர் எவரும் கிடைக்காமல் நான் அலைந்திருக்கிறேன். அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் முதுகலை அல்லது முனைவர் பட்டத்துக்காக, மருந்தோ ஊசியோ இல்லாமல், குழந்தையின் பார்வையையும் அசைவையும் மட்டும் பதிவு செய்யும் ஆய்வுகளுக்கு இது பொருந்தும்.

1. வயதையும் திறனையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எந்த வயதில், எந்தத் திறனை, எந்த நடத்தையை வைத்து அளக்கப்போகிறீர்கள் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்காவிட்டால் ஆய்வுக் கேள்வி இன்னும் தயாராகவில்லை என்று பொருள். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் முகம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். இரண்டு கண்களில் விழும் படங்களையும் இணைத்து ஆழத்தை உணரும் திறன் மூன்றாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையில் வெளிப்படுகிறது. நான்கு, ஐந்து மாதங்களில் குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் தவழ்கின்றன. ஆழத்தை உணர்வதைக் கை நீட்டுவதன் மூலம் அளக்க வேண்டுமானால் மூன்று மாதக் குழந்தை உதவாது. கை நீட்டவே அதற்கு இன்னும் வராது.

வயதை "4 மாதம், 2 வாரம் முன்பின்" என்பதுபோல் எல்லையோடு எழுதுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். 32ஆம் வாரத்தில் பிறந்து இன்று ஆறு மாதம் ஆன குழந்தையை, பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் நான்கு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும். முதல் ஆய்வில் 37 வாரம் நிறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

இடவுணர்வைப் பற்றிய ஆய்வென்றால் வயது மட்டும் போதாது, அனுபவமும் வேண்டும். உயரத்தைக் கண்டு குழந்தை தயங்குவது, பிறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைவிட எத்தனை வாரம் தவழ்ந்திருக்கிறது என்பதோடு அதிகம் தொடர்புடையது என்பதை ஜோசப் காம்போஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காரென் அடால்ஃபின் சரிவுப் பாதை ஆய்வுகளில், தவழும் காலத்தில் ஆபத்தான சரிவைத் தவிர்க்கக் கற்றுக்கொண்ட குழந்தைகளே, நடக்கத் தொடங்கியவுடன் அதே சரிவில் தயங்காமல் காலெடுத்து வைத்தன. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் தவழத் தொடங்கிய நாள் உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். "எப்போது தவழ ஆரம்பித்தான்?" என்று கேட்டால் "போன மாதம்தான்" என்ற பதிலே கிடைக்கும். "நிற்காமல் ஏறக்குறைய 3 மீட்டர் தூரம் போனது எப்போது?" என்று வரையறையோடு கேளுங்கள். அது ஆடிப்பெருக்குக்கு முன்னா பின்னா என்று ஏதாவதொரு நாளோடு சேர்த்துக் கேளுங்கள். அம்மாவின் கைப்பேசியில் முதல் தவழலின் வீடியோ அநேகமாக இருக்கும், அதில் தேதியும் இருக்கும். தாயின் அனுமதியோடு அந்தத் தேதியை மட்டும் குறித்துக்கொள்வதைவிடச் சரியான ஆவணம் வேறில்லை.

2. அளக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவருக்கு, குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை அளக்கும் முறையே ஏற்றது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை சலித்துப் பார்வையை விலக்கும்; பின்பு காட்சியை மாற்றும்போது மீண்டும் கூர்ந்து பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிகிறது என்று கொள்ளலாம். பெரும்பாலும் பின்பற்றப்படும் விதி இது: கடைசி மூன்று காட்சிகளைப் பார்த்த நேரம், முதல் மூன்று காட்சிகளைப் பார்த்த நேரத்தில் பாதியாகக் குறைந்தால் குழந்தை பழகிவிட்டது. தொடர்ந்து 2 விநாடி பார்வையை விலக்கினால் அந்தக் காட்சி முடிகிறது. எல்லாம் முடிந்தபின் முற்றிலும் புதிய, வண்ணமயமான ஒன்றைக் காட்டிப் பாருங்கள். அதையும் குழந்தை பார்க்கவில்லையென்றால் அது பழகிப்போகவில்லை, களைத்துப்போய்விட்டது. அந்தத் தரவைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

கண்ணாடித் தளத்தின் கீழே பள்ளம் தெரியும்படி அமைத்துக் குழந்தையைத் தவழவிடும் முறை, எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட ஆய்வால் எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்க எளிதாகத் தோன்றினாலும் முதல் ஆய்வுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியின் தாங்குதிறனுக்குச் சான்று, இருபுறமும் ஆள், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை பற்றிய எழுத்து மூலமான திட்டம் என்று ஆவணங்கள் கூடிக்கொண்டே போகும்.

3. நெறிமுறைக் குழுவின் அனுமதி

எத்திக்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்லும் இந்தக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு குழந்தையைக்கூட, ஒத்திகைக்காகக்கூட, சோதனை அறைக்குள் அழைக்காதீர்கள். அனுமதிக்கு முன் எடுத்த தரவைப் பிறகு எந்த ஆய்விதழுக்கும் அனுப்ப முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களே இங்கு அடிப்படை. குழந்தைகள் பங்கேற்கும் ஆய்வுகளுக்குத் தனி வழிகாட்டுதல்களும் அதே ஆண்டில் வந்தன. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம். பரிசீலனையில் விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை என்று மூன்று வகைகள் உண்டு. "திரையில் படம்தானே காட்டுகிறோம், விரைவுப் பரிசீலனையே போதும்" என்று நம்பிக் கால அட்டவணை போடுவதுதான் இதில் பலரும் விழும் பள்ளம். எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினர் பங்கேற்கும் ஆய்வுகள், இடர் மிகக் குறைவாக இருந்தாலும், முழுக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டியவை; கைக்குழந்தைகள் அந்தப் பிரிவில் வருகிறார்கள். முழுக் குழு கூட வேண்டுமானால் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லை என்பதாலேயே கூட்டம் அடுத்த தேதிக்குத் தள்ளிப்போவதுண்டு.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்கப்படுபவை: முழு ஆய்வுத் திட்டம், துறையின் அறிவியல் குழு ஒப்புதல், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்றோருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், மொழிபெயர்ப்புச் சான்று, பெற்றோரிடம் கேட்கும் வினாத்தாள், ஆட்களைத் திரட்டும் அறிவிப்பின் சரியான வாசகம், செலவுத் திட்டம், வழிகாட்டியின் கையொப்பமிட்ட தன்விவரம், தரவைச் சேமிக்கும் முறை. காட்டப்போகும் படங்களையும் ஒலிகளையும் ஒரு பென் டிரைவில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். குழந்தை ஆய்வில் பழக்கமில்லாத உறுப்பினர்களுக்கு அது பல கேள்விகளைத் தீர்க்கும். என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்ததற்குக் காரணம் ஆய்வு முறையில் இருந்த குறை அல்ல. தமிழ்ப் படிவத்தின் பதிப்பு எண்ணும் ஆங்கிலப் படிவத்தின் பதிப்பு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அடுத்த கூட்டம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வேறொருவரை வைத்துச் சரிபார்த்த பிறகே சமர்ப்பியுங்கள்.

கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சொந்த மாணவர்களிடம் வாங்காத குழுவும் வெளியாரிடம் வாங்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டு, செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வெளிநாட்டு நிதியோ கூட்டாய்வோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டியிருக்கும். பட்ட ஆய்வின் கால அளவுக்குள் அதையும் முடிப்பது மிகவும் கடினம்.

4. ஒப்புதல் படிவம்

ஒப்புதல் தர வேண்டியவர் தாயோ தந்தையோதான். இடர் மிகக் குறைவான ஆய்வுக்கு இருவரில் ஒருவரின் கையொப்பம் போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டி மட்டும் வந்தால், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும் அன்று சோதனை நடத்த முடியாது. இதைத் தொலைபேசியில் அழைக்கும்போதே மரியாதையோடு சொல்லிவிடுங்கள். ஆனால் பாட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர்தான், அவருக்கும் சேர்த்தே விளக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படிவத்தை வாசித்துக் காட்டி, பெற்றோரின் கைரேகையையும் சாட்சியின் கையொப்பத்தையும் பெற வேண்டும்.

காணொளிக்கு ஒரே ஒப்புதல் வாங்காதீர்கள். ஆய்வாளர்கள் மட்டும் பார்ப்பது, மாநாட்டில் காட்டுவது, மற்ற ஆய்வாளர்களோடு பகிர்வது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். முதலாவதற்குச் சம்மதிக்கும் பல பெற்றோர் மற்ற இரண்டுக்கும் சம்மதிப்பதில்லை, அது அவர்களுடைய உரிமை. குழந்தை அழுதால் உடனே நிறுத்துவோம் என்ற வாக்கியமும் படிவத்தில் இருக்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தை மறுப்பைச் சொல்ல அதற்கு அழுகை ஒன்றுதான் இருக்கிறது.

5. குழந்தைகளைத் திரட்டுதல்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகப் பெற்றோரைச் சந்திக்கப் பொது சுகாதாரத் துறையின் அனுமதியும், அங்கன்வாடி வழியாகச் சந்திக்கக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். இந்தக் கடிதங்களுக்கு நெறிமுறைக் குழுவின் சான்றைக் கேட்பார்கள். குழுவோ களத்தின் அனுமதியைக் கேட்கும். இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. "நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்ற சொற்களோடு கொள்கையளவிலான இசைவுக் கடிதத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். தனியார் குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் அறிவிப்பு ஒட்டுவது இதைவிட எளிது, ஆனால் வசதியுள்ள குடும்பங்களே அதிகம் வருவார்கள். அதைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் பெரும்பாலும் மூன்றாம் அல்லது ஐந்தாம் மாதத்தில்தான் கணவர் வீட்டுக்குத் திரும்புகிறார். நீங்கள் தேடும் நான்கு மாதக் குழந்தை, பதிவேட்டில் உள்ள முகவரியில் இருக்காது. தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது "இப்போது எங்கே இருக்கிறீர்கள், எப்போது கிளம்புவீர்கள்?" என்பதே.

தாய் சேய் பாதுகாப்பு அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறந்த தேதி, கர்ப்ப வாரம், பிறப்பு எடை, தடுப்பூசித் தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். ஆய்வுக்குத் தேவையானவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையைப் படம் பிடிக்காதீர்கள், அதிலுள்ள பதிவு எண்ணைக் குறிக்காதீர்கள்.

6. கருவிகளும் செலவும்

கண்ணின் அசைவைத் தானாகக் கணிக்கும் ஐ டிராக்கர் கருவிக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். பார்வை நேர ஆய்வுக்கு அது தேவையே இல்லை. ஒரு கணினி, பெரிய திரை, மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கும் கேமரா, திரையைச் சுற்றி மறைக்கக் கறுப்புத் துணி, மின்சாரம் போனால் தாங்கும் யுபிஎஸ் ஆகியவை போதும். காட்சிகளைக் காட்டச் சைக்கோபை, பார்வை நேர முறைக்கென்றே அதன்மேல் உருவாக்கப்பட்ட பைஹேப், காணொளியைக் குறியிட, அதாவது குழந்தை எப்போது எங்கே பார்த்தது என்று நேரத்தோடு குறிக்க, டேட்டாவியூ ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம்.

உண்மையான செலவு போக்குவரத்தில் வருகிறது. 32 குழந்தைகளின் தரவு தேவை என்றால் குறைந்தது 40 குழந்தைகளுக்குத் திட்டமிடுங்கள். அழுகை, தூக்கம், கருவிக் கோளாறு என்று சிலரை இழக்காத குழந்தை ஆய்வு கிடையாது. ஒரு வருகைக்கு ஆட்டோவுக்கும் சிற்றுண்டிக்கும் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24,000 ரூபாய் ஆகிறது. வராமல் போனவர்களுக்கான மறு தேதியையும் சேர்த்தால் 30,000 ரூபாயை ஒதுக்கி வைப்பது நல்லது. போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம், குழந்தைக்குச் சிறு பரிசும் தரலாம். பணத்துக்காகவே வரத் தூண்டும் அளவுக்குத் தருவதை நெறிமுறைக் குழு ஏற்காது. சோதனை பாதியில் நின்றாலும் தொகை முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

7. விதிகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்

எத்தனை குழந்தைகள், எந்தக் காரணங்களுக்காக ஒரு குழந்தையின் தரவை விலக்குவீர்கள், எந்தப் பகுப்பாய்வு என்பவற்றை முதல் குழந்தை வருவதற்கு முன், ஆய்வுத் திட்டங்களைத் தேதியோடு பதிந்து வைக்கும் ஓஎஸ்எஃப் (Open Science Framework) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை; நான்கு ஆண்டுகள் வரை வெளியில் தெரியாமலும் வைத்திருக்கலாம். "அழுதால் விலக்கு" என்று எழுதாமல், எத்தனை விநாடி தொடர்ந்து அழுதால் என்று எழுதுங்கள்.

8. சோதனை நாள்

குழந்தை தூங்கி எழுந்து பால் குடித்த பின்னான அரை மணி நேரமே உங்களுடையது. எண்ணெய்க் குளியல் அன்று குழந்தை வெகுநேரம் தூங்கும் என்பதால் அந்த நாளைக் கேட்டுத் தவிர்த்துவிடுங்கள். சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அடுத்த இரண்டு நாட்களில் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கக்கூடும். ஒரு நாளில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் வரச்சொல்லாதீர்கள், தாமதமாக வரும் தாயை அவசரப்படுத்தாதீர்கள்.

மணி வைத்த கொலுசு அசையும்போதெல்லாம் குழந்தை தன் காலையே பார்க்கும். கழற்றி வைக்க முடியுமா என்று தாயிடம் கேளுங்கள், முடியாதென்றால் காலுறை போட்டுவிடலாம். ஐ டிராக்கர் பயன்படுத்துபவர்களுக்குத்தான் கண்மையால் தொல்லை வரும். மை தீட்டாமல் வரும்படி முதல் நாளே சொல்ல வேண்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைக்கச் சொல்லாதீர்கள். அது எந்த அளவீட்டையும் கெடுப்பதில்லை, துடைத்தால் தாயின் நிம்மதிதான் கெடும்.

தாயின் மடியில் குழந்தை இருக்கும்போது மிகப் பெரிய ஆபத்து தாயின் கண்கள்தான். 1985இல் ஜேம்ஸ் சோர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், சிறு பள்ளம் போன்ற தளத்தின் அருகே வந்த 12 மாதக் குழந்தைகளில், தாயின் மகிழ்ந்த முகத்தைக் கண்ட 19 பேரில் 14 பேர் கடந்து சென்றனர். தாயின் அச்ச முகத்தைக் கண்ட 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. முகத்தை இவ்வளவு கூர்ந்து படிக்கும் குழந்தைக்கு, மடியின் சிறு அசைவே போதும். ஆகவே தாய் கண்ணை மூடியிருக்க வேண்டும், அல்லது வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்த மூக்குக்கண்ணாடி அணிய வேண்டும். ஒலி இருந்தால் ஹெட்போனில் பாட்டுக் கேட்க வேண்டும். காரணத்தை முன்பே விளக்கினால் எல்லாத் தாய்மாரும் ஒத்துழைக்கிறார்கள். பார்வையைக் கணிக்கும் ஆய்வாளருக்கும் எந்தக் காட்சி ஓடுகிறது என்று தெரியக் கூடாது.

தொடங்குமுன் திரையின் இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் ஒலியெழுப்பும் பொம்மைப் படத்தைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தக் குழந்தை இடப்பக்கம் பார்த்தால் கண் எப்படித் தெரியும் என்பதற்கு அதுவே அளவுகோல். சில குழந்தைகளுக்கு ஒரு பக்கம் பார்ப்பதே வழக்கமாக இருக்கும் என்பதால் காட்சிகளின் இட வல வரிசையைக் குழந்தைக்குக் குழந்தை மாற்றுங்கள்.

9. காணொளிக்கு நேரம் ஒதுக்குங்கள்

பத்து நிமிடப் பதிவை காணொளியின் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நிறுத்திப் பார்த்துக் குறியிட்டு முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். குறைந்தது கால் பங்குக் குழந்தைகளின் பதிவை, ஆய்வின் கருதுகோள் தெரியாத இன்னொருவர் தனியாகக் குறியிட வேண்டும். ஐகேட்சர் பிளஸ் போன்ற மென்பொருள் பார்வையைத் தானாகக் கணித்துத் தரும். அதையும் கையால் குறியிட்ட ஒரு பகுதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். குறியிடுவதை எல்லாக் குழந்தைகளும் வந்து முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்தந்த வாரமே செய்யுங்கள். கேமரா சற்றுக் கீழே சாய்ந்து கண் இமை மறைத்திருந்தால் இரண்டாம் குழந்தையிலேயே தெரிந்துவிடும்.

10. கால அட்டவணை

ஆவணத் தயாரிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் இரண்டு மாதம், நெறிமுறைக் குழுவுக்கும் திருத்தங்களுக்கும் மூன்று முதல் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கருவியைப் பொம்மையை மடியில் வைத்துச் சோதித்துப் பழகலாம். குழந்தைகளின் வருகைக்கு ஆறு மாதம் வேண்டும். பொங்கல், தீபாவளி வாரங்களிலும் கோடை வெயிலின் உச்சத்திலும் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்கிடுங்கள். அனுமதி கிடைத்தபின் குழந்தைகளைத் தேடத் தொடங்கும்போது, உங்களுக்கு வேண்டிய வயதைவிட ஒரு மாதம் இளைய குழந்தைகளின் பெற்றோரிடம் பேசுங்கள்.

நெறிமுறைக் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வை மறுபரிசீலனை செய்யும். அதற்கான முன்னேற்ற அறிக்கையின் தேதியை நாட்காட்டியில் இன்றே குறியுங்கள்; அனுமதி காலாவதியான பின் வந்த குழந்தையின் தரவும் பயன்படாது. வினாத்தாளை மாற்றினாலும், காட்சியை மாற்றினாலும், வயது எல்லையை ஒரு வாரம் நீட்டினாலும் திருத்த விண்ணப்பம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். குழந்தையின் பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் காணொளிகள் உள்ள கணினியில் இருக்கக் கூடாது. அதைப் பூட்டிய அலமாரியில் வைத்து, எந்தத் தேதியில் யார் அழிப்பார் என்பதையும் நிறைவு அறிக்கையில் எழுதிக் கொடுங்கள்.